38,500 ரூபாய் போனது: முதல் நாவலை எழுதி வைத்திருக்கும் பெண்கள் படித்துவிடுங்கள்

அச்சான என் நாவல் நேற்று மதியம் பார்சலில் வந்தது. பிரித்துப் பார்த்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. ஆத்திரத்தில் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை எனக்கு. என் சித்தி கல்யாணத்துக்கு முன்பு திண்டுக்கல் பக்கம் ஒரு நூற்பாலையில் இருந்தவர். சுமங்கலித் திட்டம் என்பார்களே, அது. மூன்று வருடம் விடுதியில் அடைந்து கிடந்து வேலை பார்த்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக 30,000, 40,000 தருகிறோம் என்று அழைத்துப் போவார்கள். உடம்புக்கு முடியாமல் நடுவில் வீட்டுக்கு வந்தால் மொத்தத் தொகை கிடையாது. சித்தியை இரண்டு மாதம் மிச்சமிருக்கும்போது அனுப்பிவிட்டார்கள். அதைத்தான் ராசாத்தி என்ற பெண்ணின் கதையாக, ஷிப்ட் முடிந்த ராத்திரிகளில் இரண்டு வருடம் எழுதினேன்.

புது எழுத்தாளர்களிடம் காசு வாங்கிப் புத்தகம் போட்டுத் தரும் ஒரு பதிப்பகத்துக்குக் கதையை அனுப்பினேன். எந்த ஊர், யார் என்று கேட்காதீர்கள், சொல்லப்போவதில்லை. மூன்றாம் நாளே அந்த ஆள் போன் செய்தார். "கடைசியில ராசாத்தி வார்டனைப் பார்த்து, என் கணக்கை என் கையில குடுன்னு கேக்கிறா பாருங்க, அங்க அழுதுட்டேன்மா. என்னை உங்க அண்ணனா நினைச்சுக்கோங்க." அந்த ஒரு வார்த்தையில் விழுந்தேன். என் கதையை அதுவரை சித்தியைத் தவிர ஒருவரும் படித்ததில்லை. கதையோடு நான் அனுப்பிய கதைச்சுருக்கத்தின் கடைசி வரியும் அதேதான், அதை மட்டும் படித்துவிட்டுப் பேசியிருக்கிறார் என்பது நேற்று ராத்திரிதான் உறைத்தது.

சீட்டு எடுத்த பணம், தீபாவளி போனஸ், எல்லாம் சேர்த்து 38,500. அச்சுக்கு 22,000, கணினியில் பக்கம் அமைக்கும் டிடிபியும் அட்டையும் 6,000, ஐஎஸ்பிஎன் என்கிற புத்தக அடையாள எண்ணுக்கு 4,000, காப்புரிமைக்கு 6,500. ரசீது கேட்டதற்கு "நமக்குள்ள என்னம்மா ரசீது" என்றார். நாவல் முழுக்க ராசாத்தி தன் வேலை நாட்களை ஒரு நோட்டில் கோடு போட்டு வைப்பாள். அதை எழுதினவள் நான்!

பேச்சு 300 பிரதி, மூன்று மாதம். அப்புறம் பாட்டு ஆரம்பித்தது. அச்சகத்தில் ஆள் இல்லை. பேப்பர் விலை ஏறிவிட்டது. சென்னை புத்தகக் காட்சி வேலை, பொங்கல் முடியட்டும். பொங்கல் முடிந்ததும் ஒரு பெண் போனை எடுத்து, "சார் மீட்டிங்ல இருக்கார்" என்றாள். தினமும் அதே மீட்டிங். அப்புறம் என் நம்பரையே பிளாக் செய்துவிட்டார்கள். தோழியின் போனிலிருந்து கூப்பிட்டால், "பத்து மாசம் பொறுத்தவங்களுக்கு பத்து நாள் பொறுக்க முடியாதா?" சித்தியிடம் அந்த மில்காரர் பேசியதும் இதே தோரணையில்தானாம்.

நேற்று வந்தது 12 பிரதி. பன்னிரண்டிலும் 145 முதல் 160 வரை உள்ள பாரம், அதாவது சேர்த்து அச்சடித்து மடிக்கும் 16 பக்கம், இரண்டு தடவை இருக்கிறது. 161 முதல் 176 வரை இல்லவே இல்லை. அதாவது ராசாத்தி விடுதியை விட்டு வெளியே வரும் அத்தியாயமே இல்லை. வார்டன் கதவைப் பூட்டுகிறாள், மறுபடி பூட்டுகிறாள், புத்தகம் முடிந்துவிடுகிறது. 38,500 ரூபாய்க்கு என் பெண்ணை உள்ளேயே வைத்துப் பூட்டித் தந்திருக்கிறார்கள்.

விவரமாக ஆலோசனை எழுதலாம் என்று உட்கார்ந்தேன், ராத்திரி ஷிப்ட்டுக்கு நேரமாகிவிட்டது. ஐஎஸ்பிஎன் நம் நாட்டில் இலவசம், அரசே தருகிறது. எழுதி முடித்ததுமே காப்புரிமை உங்களுடையது. பதிவு செய்தே ஆகவேண்டும் என்றாலும் நாவலுக்கு அரசுக் கட்டணம் 500 ரூபாய்தான், 6,500 இல்லை. ரசீதும் ஒப்பந்தமும் கைக்கு வராமல் ஒரு ரூபாய் அனுப்பாதீர்கள். மாதிரிப் பிரதி பார்க்காமல் மீதிப் பணம் தராதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915. புகார் சொல்லியிருக்கிறேன், பார்ப்போம்.

காலையில் விடுபட்ட அந்த 16 பக்கத்தையும் என்னிடம் இருந்த மூலத்திலிருந்து ஜெராக்ஸ் எடுத்தேன், பன்னிரண்டு செட். சித்தி பசை காய்ச்சி ஒட்டிக்கொண்டிருக்கிறார். முதல் பிரதி அவருக்கு. மீதி பதினொன்று இருக்கிறது, படிக்க விரும்புகிறவர்கள் கேளுங்கள்.