டிரம்ஹெல்லரும் டைனோசர் மாகாணப் பூங்காவும்: பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், கால்கரி நகரிலிருந்து டைனோசர் எலும்புகளைப் பார்க்கக் கிளம்புகிற குடும்பங்கள் பல டிரம்ஹெல்லர் என்ற ஊரோடு திரும்பிவிடுகின்றன. ராயல் டிரல் அருங்காட்சியகம், ஊருக்குள் நிற்கும் ராட்சத டைனோசர் சிலை, ஹூடூ பாறைத் தூண்கள் என்று ஒரே நாளில் முடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அது பாதிப் பயணம்தான். டிரம்ஹெல்லரிலிருந்து தென்கிழக்கே சுமார் இரண்டு மணி நேர ஓட்டத்தில், புரூக்ஸ் நகருக்கு அப்பால், டைனோசர் மாகாணப் பூங்கா இருக்கிறது. 1979 முதல் யுனெஸ்கோ பாரம்பரியக் களம். ஓர் இரவு தங்கி இரண்டையும் பாருங்கள். அருங்காட்சியகம் முதலில், பூங்கா மறுநாள். எலும்பு எப்படி இருக்கும் என்று கண் பழகாமல் பூங்காவில் இறங்கினால் பிள்ளைக்கு எல்லாமே கல்லாகத்தான் தெரியும்.

கால்கரி–டிரம்ஹெல்லர் தூரம் சுமார் 135 கி.மீ. நெடுஞ்சாலை 9இல் ஊருக்கு 17 கி.மீ. முன்பே ஹார்ஸ்ஷூ கேன்யன் வரும். தட்டையான வயல்வெளி திடீரென்று பிளந்து கீழே இறங்குவதை முதன்முதலாகப் பார்ப்பது அங்கேதான். பத்து நிமிடமாவது நிறுத்துங்கள்.

அருங்காட்சியகத்துக்குக் கதவு திறக்கும் நேரத்துக்கே போய்விட வேண்டும். கோடையில் பதினொரு மணிக்கு மேல் கூட்டம் நெரியும். டிக்கெட்டை முன்னதாகவே ஆன்லைனில் எடுத்துவிடுங்கள். பெரிய எலும்புக்கூடுகளை நோக்கிப் பிள்ளைகள் ஓடுவார்கள், ஓடட்டும். ஆனால் போரியலோபெல்டா என்ற கவச டைனோசரின் முன்னால் கொஞ்சம் நிறுத்திவையுங்கள். 2011இல் ஆல்பர்ட்டாவின் வடக்கே எண்ணெய் மணல் சுரங்கத்தில் மண் அள்ளும் இயந்திரத்தில் தட்டுப்பட்டது. 11 கோடி ஆண்டு பழசு. எலும்பு மட்டுமில்லை, முதுகுக் கவசமும் தோலும் உருவம் கலையாமல் அப்படியே இருக்கின்றன. சடலம் கடலுக்கு அடித்துப்போகப்பட்டு, அடிச்சேற்றில் சீக்கிரம் புதைந்ததால்தான் இப்படித் தப்பியது. அதைச் சுற்றியிருந்த பாறையைச் சுரண்டி எடுக்க மார்க் மிட்செல் என்ற தொழில்நுட்பர் 7,000 மணி நேரம் உழைத்தார். அந்த இனத்தின் பெயரிலேயே அவர் பெயர் சேர்ந்துவிட்டது. இதைச் சொல்லிவிட்டு, கண்ணாடிக்குப் பின்னால் ஊழியர்கள் புதைபடிவங்களைச் சுத்தம் செய்யும் கூடத்துக்குக் கூட்டிப்போனால் பிள்ளை அங்கிருந்து நகராது. மூன்று மணி நேரத்துக்கு மேல் சின்னவர்கள் தாங்க மாட்டார்கள்.

ஊருக்குள் இருக்கும் சிலையில் 106 படி ஏறி வாய்க்குள் நின்று ஃபோட்டோ எடுக்கலாம். நேரமிருந்தால் போங்கள், இல்லாவிட்டால் நஷ்டமில்லை.

பூங்காவைப் பொறுத்தவரை ஒன்றை மறக்கக்கூடாது: பெரும்பகுதி பாதுகாக்கப்பட்ட நிலம், வழிகாட்டியோடுதான் உள்ளே போக முடியும். ஆகவே வழிகாட்டிச் சுற்றுக்கு இடம் பதிவு செய்த பிறகே விடுதித் தேதியை முடிவு செய்யுங்கள். பஸ் சுற்று சின்னப் பிள்ளைகளுக்குச் சரி. நடைச் சுற்றுகளுக்குக் குறைந்தபட்ச வயது வைத்திருப்பார்கள், அதைப் பார்த்தே பதியுங்கள். இடம் கிடைக்காவிட்டாலும் வீணில்லை. 3 கி.மீ. வட்டச் சாலையில், எலும்புகளைக் கிடைத்த இடத்திலேயே கூரை போட்டுக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். பேட்லேண்ட்ஸ் என்றால் மழையும் காற்றும் அரித்த வறண்ட குன்று நிலம்; 1.3 கி.மீ. பேட்லேண்ட்ஸ் நடைபாதையில் யாரும் தனியாக நடக்கலாம்.

பயணம் கெடுவதென்றால் பெரும்பாலும் மழையால்தான் கெடும். அந்தக் குன்றுகளில் இருப்பது எரிமலைச் சாம்பலிலிருந்து உண்டான பென்டோனைட் களிமண். தண்ணீர் பட்டால் ஊதிப் பெருத்து, கால் வைத்த இடம் வழுக்கும். ஷூவில் அப்பிக்கொண்டு உதறினாலும் போகாது. காய்ந்த பின்பும் மேல்தோல் பொலபொலவென்று உதிரும், சரிவில் ஏறினால் சறுக்கும். மழை பெய்த அன்று பாதைகளை விட்டுவிட்டு, முந்தைய நாள் அருங்காட்சியகத்தில் விட்டதைப் பார்க்கத் திரும்பலாம். மாற்று ஷூ ஒரு ஜோடி, சேற்று ஷூவைப் போட ஒரு பை, இரண்டும் காரில் இருக்கட்டும்.

வெயில் அடுத்த சங்கடம். ஜூலையில் 30 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம், பள்ளத்தாக்குக்குள் மேலே இருப்பதைவிட அதிகமாகவே சுடும், நிழல் கிடையாது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். தயிர்சாதம் காரிலேயே புளித்துவிடும், புளிசாதம் தாங்கும். பெட்ரோலை புரூக்ஸிலேயே நிரப்பிவிடுங்கள். அங்கிருந்து பூங்காவுக்கு 48 கி.மீ. ஆற்றோரக் காட்டன்வுட் மரக் காட்டில் ஜூனில் கொசு பிய்த்துவிடும். செப்டம்பர் எங்களுக்குப் பிடித்த மாதம்: கொசு குறைவு, வெயிலும் இதமாக இருக்கும். சப்பாத்திக்கள்ளியும், கிலுகிலுப்பைப் பாம்பு என்ற விஷப்பாம்பும் உண்டு. பிள்ளைகள் கல் இடுக்கில் கை விடக்கூடாது.

எலும்பை அடையாளம் காண்பது இப்படித்தான். துருப்பிடித்த நிறத்தில் சிதறிக் கிடப்பவற்றில் பல இரும்புத்தாதுக் கற்கள். உடைந்த முகம் வழவழப்பாக, ஒரே சீராக இருக்கும். எலும்பின் உடைந்த முகத்தில், உடைத்த ரஸ்க்கில் தெரிவது போன்ற நுண்துளைகள் இருக்கும். ஓரத்தில் மட்டும் அடர்ந்த ஒரு விளிம்பு. மலிவான பூதக்கண்ணாடி போதும். குனிந்து பார்க்கக் கற்றுக்கொடுத்துவிட்டால் ஏழு வயதுப் பிள்ளைகூடச் சட்டென்று பிரித்துச் சொல்லும்.

எடுத்துப் பையில் போடக்கூடாது. பூங்காவுக்குள்ளிருந்து ஒரு துண்டைக்கூட எடுப்பது சட்டப்படி குற்றம். எலும்பு எந்த அடுக்கில், எந்தத் திசையில் கிடந்தது என்பதுதான் ஆய்வாளர்களுக்கு வேண்டிய தகவல், நகர்த்தினால் அது போய்விடும். பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்து அளவு தெரியும்படி ஒரு படம், சுற்றுப்புறம் தெரியும்படி இன்னொரு படம், ஃபோனில் இடக்குறி. வழிகாட்டியிடமோ பார்வையாளர் மையத்திலோ பிள்ளையையே காட்டச் சொல்லுங்கள்.