டிராகன் பால்: காதலில் தொடங்கும் பயணம்

நாகர்கோவில் – மார்த்தாண்டம் பஸ்ஸில் தினமும் ஜன்னலோரம் உட்கார்ந்து அகிரா தொரியாமாவின் இந்த மங்காவை (ஜப்பானிய காமிக்ஸ்) ஆங்கிலத்தில் வாசித்தேன். மொத்தம் 42 தொகுதிகள், 1984 முதல் 1995 வரை தொடராக வந்தது. சண்டைக் கதை என்றுதான் பலரும் சொல்வார்கள், ஆனால் முதல் பாகங்களில் கதையை நகர்த்துவதே காதல் ஆசைதான். புல்மா என்ற பெண், ஒன்று சேர்த்தால் வரம் தரும் 7 டிராகன் பந்துகளைத் தேடிக் கிளம்புவது ஒரு நல்ல காதலன் வேண்டும் என்று வரம் கேட்க! யாம்சா என்ற கொள்ளைக்காரனோ பெண்களைக் கண்டாலே உறைந்து போகிறவன், அந்தக் கூச்சம் தீர அவனுக்கும் அதே பந்துகள் வேண்டும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது நாயகன் கோகு, அவனைக் கட்டிக்கொள்ளும் சிச்சி, இவர்கள் கதை. சின்ன வயதில் கல்யாணம் என்றால் ஏதோ தின்பண்டம் என்று நினைத்து சிச்சிக்கு வாக்குக் கொடுக்கிறான் கோகு. வளர்ந்தபின் அவள் சண்டைப் போட்டி மேடைக்கே வந்து, யாரென்று சொல்லாமல், கோபத்தோடு மோதுகிறாள், விஷயம் புரிந்ததும் அவன் அங்கேயே சரி, கட்டிக்கொள்வோம் என்கிறான். சிரித்துக்கொண்டே கண் கலங்கிவிட்டது, தக்கலை தாண்டியதே தெரியவில்லை.

அப்புறம் சிச்சியை மகனைப் படி படி என்று விரட்டும் அம்மாவாகச் சுருக்கியதுதான் எனக்கு வருத்தம். முதல் 17 தொகுதிகளைக் கட்டாயம் வாங்குங்கள்.