மேசைக்கு எந்தப் பக்கம் யார்? மண்டபம் கரையில் ஓர் அறிபுனை விசாரணைக்கு மூன்று அமைப்புகள்

அறிபுனையில், அதாவது அறிவியல் புனைகதையில், மனசாட்சியையும் ஈவிரக்கமற்ற முன்னேற்ற வெறியையும் மோதவிட விசாரணை அறையைப்போல வசதியான களம் வேறில்லை. ஒரு மேசை, இரண்டு பேர், ஒரு கருவி போதும். ஆனால் யார் கேட்பது, யார் பதில் சொல்வது என்று முடிவெடுக்காமலே எழுத உட்கார்ந்தால், மூன்றாம் பக்கத்தில் ஒருவர் பிரசங்கம் செய்துகொண்டிருப்பார், இன்னொருவர் கேட்டுக்கொண்டிருப்பார். ஒரே வழக்கை மூன்று விதமாக உட்காரவைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும்.

வழக்கு இது. ஆண்டு 2061. சூடு தாங்கும்படி மரபணு திருத்திய கப்பாஃபைகஸ் என்ற கடற்பாசியை, ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரின் பாக் விரிகுடாப் பக்கம் மிதவைகளில் வளர்க்கிறார் ஒரு திட்ட இயக்குநர். அது குருசடைத் தீவின் பவளப்பாறைமேல் படர்ந்துவிட்டது. அவருக்குக் கீழே வேலை பார்த்த ஆய்வாளர் ஒருத்தி ஓர் இரவில் போய் மிதவைக் கயிறுகளை அறுத்தாள்.

இதில் கற்பனை குறைவு. கப்பாஃபைகஸ் 1990களில் மண்டபத்துக்கு வந்த அயல் பாசி. குருசடையின் பவளத்தில் அது படர்ந்ததை ஆய்வாளர்கள் 2008இல் எழுதினார்கள். மூன்று அமைப்பையும் தாங்கும் ஓர் உயிரியல் உண்மையும் இருக்கிறது: இந்தப் பாசி விதையால் பரவுவதில்லை, ஒடிந்த துண்டிலிருந்து முளைக்கிறது. அப்படியானால் கயிற்றை அறுத்தவள் பாசியை அழித்தாளா, பரப்பினாளா?

முதல் அமைப்பு: இயக்குநர் கேட்கிறார், ஆய்வாளர் பதில் சொல்கிறாள். எல்லாரும் எழுதுவது இதைத்தான். வாசகரின் அனுதாபம் முதல் வரியிலேயே அவள் பக்கம் போய்விடும், குறையும் அதுதான். அடிபடுபவள் பேசாமல் இருந்தாலே ஜெயித்துவிடுகிறாள், பேசவேண்டிய தேவையே இல்லாமல் போகிறது. சரிசெய்ய வேண்டுமானால் இயக்குநருக்கு உண்மையான கணக்கைக் கொடுங்கள். மூன்று மீட்டர் சதுர மூங்கில் மிதவை. 20 கயிறு, கயிற்றுக்கு 20 முடிச்சு, முடிச்சுக்கு 150 கிராம். மொத்தம் 60 கிலோ நடவுப்பாசி. 45 நாளில் சுமார் 260 கிலோ அறுவடை. அதில் அடுத்த நடவுக்கு 60 கிலோ எடுத்துவைத்தாலும் மிச்சம் 200 கிலோ. தீவுப் பக்கம் முங்கிப் பாசி எடுத்துக் கை கால் கிழிபட்ட பெண்களுக்கு இது கரையோர வேலை. இதை அவர் சொல்லும்போது அவளால் மறுக்க முடியக்கூடாது. வெறிபிடித்தவன் பொய் சொன்னால் காட்சி சப்பென்று போகும். உண்மையைச் சொல்லி, அதிலிருந்து தவறான இடத்துக்கு நடந்து போக வேண்டும். துண்டு விஷயத்தை அவர் காட்சியின் முக்கால்வாசிக்குப் பிறகே எடுக்கட்டும். முன்னாலேயே எடுத்தால் மீதிப் பக்கம் அவளுடைய அழுகையாகிவிடும்.

மூன்றாம் அமைப்பைச் சட்டென்று முடித்துவிடலாம். இயக்குநரின் மூளையை நகலெடுத்த இயந்திரம், அவரையே விசாரிக்கிறது. கேட்க அட்டகாசமாக இருக்கும், எழுத உட்கார்ந்தால் நகராது. விசாரணை என்பதே ஒருவருக்குத் தெரிந்து இன்னொருவருக்குத் தெரியாத ஒன்றைச் சுற்றி நடப்பது. இங்கே இரண்டு பேருக்கும் ஒன்றே தெரியும். நகல் எடுத்தது பழைய தேதியில், குற்றம் நடந்தது அதற்குப் பிறகு என்று வைத்தால் கொஞ்சம் உயிர் வரும். அப்போதும் நாலு பக்கத்துக்குமேல் தாங்காது.

இரண்டாம் அமைப்புக்குத்தான் எங்கள் ஓட்டு: அவளே இப்போது விசாரணை அதிகாரி, இயக்குநர் எதிரே. கயிறு அறுத்தவள் அவள் என்று துறைக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும்.

இங்கே மனசாட்சிக்கு அதிகாரமும் இருக்கிறது, மறைக்கவும் ஒன்று இருக்கிறது. முன்னேற்ற வெறியின் கை கட்டப்பட்டிருக்கிறது, ஆனால் ஆயுதம் அதனிடம். விளிப்பிலேயே இது தெரிய வேண்டும். பத்து வருடம் அவரிடம் வேலை பார்த்தவள். வாயில் ‘சார்’ தானாக வந்துவிடும். அவர் ‘என்னம்மா’ என்பார். எங்கே அவள் ‘சார்’ சொல்வதை நிறுத்துகிறாள், எங்கே மறுபடி வழுக்குகிறாள் என்பதை இரண்டே இடத்தில் வையுங்கள். எல்லா வரியிலும் வைத்தால் தேய்ந்துபோகும்.

துப்புக்குக் கருவியைவிடக் காற்று உதவும். வடகிழக்குக் காற்றடிக்கும் வாடைக் காலத்தில் நீரோட்டம் பாக் விரிகுடாவிலிருந்து பாம்பன் கால்வாய் வழியாக மன்னார் வளைகுடாப் பக்கம் இறங்கும். தென்மேற்குக் காற்றடிக்கும் கச்சான் காலத்தில் எதிர்த்திசை. குருசடை இருப்பது மன்னார் வளைகுடாப் பக்கம். அதனால் அவள் ஜூலையில் அறுத்திருந்தால் துண்டுகள் வடக்கே போயிருக்கும், டிசம்பரில் அறுத்திருந்தால் பவளத்துக்குப் போயிருக்கும். ‘எந்த மாசம்மா?’ என்று அவர் கேட்கும் ஒரு கேள்வி போதும். ஆனால் கத்தி அவர் பக்கமும் திரும்ப வேண்டும்: வாடையில் கடல் கொந்தளிக்கும் என்று மிதவைகளைக் கரையேற்றுவதுதான் வழக்கம், இலக்கை எட்டவேண்டும் என்று அவர் கடலிலேயே விட்டிருந்தார். மூங்கில் ஒடிந்து போன மிதவைகளும் உண்டு. மேசைமேல் இரண்டு கயிற்றுத் துண்டுகளை வையுங்கள். கத்தி பட்ட முனை மழுங்காமல் நேராக இருக்கும். அலையில் உரசி அறுந்த முனை நார் நாராகப் பிரிந்திருக்கும். எது எத்தனை என்று எண்ணும் காட்சிக்கு எந்த எதிர்காலக் கருவியும் ஈடாகாது.

இருந்தாலும் அறிபுனை என்பதால் கருவி வேண்டும். மனத்தை அப்படியே படிக்கும் இயந்திரத்தை வைத்தால் கேள்விக்கே வேலையில்லை, கதை அங்கேயே முடிந்துவிடும். மூளை அலை சோதனையில் பி300 என்ற அலை, தெரிந்த பொருளைப் பார்த்த சுமார் 300 மில்லிநொடியில் எழும். அது காட்டுவது அடையாளம் தெரிகிறது என்பதை மட்டுமே, குற்றத்தை அல்ல. குருசடைப் படத்தைக் காட்டினால் பாம்பன் மீனவர் எவருக்கும் எழும். பொய் கண்டறியும் பழைய பாலிகிராஃப்தான் நாடகத்துக்கு நல்லது. மார்பிலும் வயிற்றிலும் மூச்சுக் குழாய், மேல்கையில் இரத்த அழுத்தப் பட்டை, இரண்டு விரலில் மின்முனை. கேள்விக்கும் கேள்விக்கும் 25 நொடி இடைவெளி, பதில் ஆமாம் அல்லது இல்லை. பத்துக் கேள்விக்கு நாலு நிமிடம் தாண்டும். பட்டை இறுக்கத்தில் கை மரத்துப்போகும் என்பதால் காற்றை இறக்கி ஓய்வு தர வேண்டும். இப்படி மூன்று சுற்று. பலர் செய்யும் பிழை, பட்டை இறுகியிருக்கும்போதே பாத்திரத்தை ஒரு பக்கம் பேசவைப்பது. பேசினால் மூச்சுக்கோடு கெட்டுவிடும். நீண்ட வாதங்கள் இரண்டு இடைவேளைக்கு, இறுக்கமான ஆமாம் இல்லைகள் சுற்றுகளுக்கு. காட்சியின் எலும்புக்கூடு தானாகக் கிடைக்கிறது.

சட்டத்தையும் விடவேண்டாம். செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம், சம்மதம் இல்லாமல் இந்தச் சோதனைகளைச் செய்வது அரசியலமைப்பின் 20(3) பிரிவுக்கு எதிரானது என்றது. சம்மதித்தாலும் முடிவு சாட்சியாகாது. அதன் துணையால் பிறகு கண்டெடுக்கும் பொருளை ஏற்கலாம். 2061இல் சட்டம் மாறிவிட்டது என்று ஒரு வரியில் தாண்டாதீர்கள். சம்மதக் கையெழுத்து இல்லாமல் பட்டையை மாட்ட அவள் கை நீள்வதுதான் மனசாட்சிக்கு வரும் உண்மையான சோதனை. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்தவேண்டும் என்பதே கடிகாரம், தனியாக வெடிகுண்டு வேண்டாம்.

இடம்? தனுஷ்கோடி தேவாலய இடிபாட்டை எல்லாரும் கேட்பார்கள். 1964 புயலின் கனம் அங்கே இருக்கிறது, ஒத்துக்கொள்கிறோம். ஆனால் மின்சாரத்துக்கு வழி சொல்லவேண்டும், பறக்கும் மணல் மூச்சுக் குழாய் இணைப்பில் ஏறும், உங்கள் பாத்திரங்கள் இருவரையும் அந்த இடிபாடே விழுங்கிவிடும். புயலில் தீவு துண்டிக்கப்பட்டது என்று எழுதுபவர்கள் 1988லேயே சாலைப் பாலம் வந்ததை மறக்கிறார்கள். ரயில் நின்றால் மேலதிகாரி காரில் வருவார். மண்டபத்தில் ஒரு மீன் ஆய்வுக்கூடத்தின் பின்னறை போதும். உப்புக்காற்றில் பச்சை பூத்த செம்பு முனை, தொட்டியில் ஓயாமல் ஓடும் காற்றுப் பம்பு. மின்சாரம் போய்ப் பம்பு நிற்கும் அமைதியை இரண்டாம் இடைவேளைக்கு வையுங்கள்.

மூன்றாம் சுற்றுக்கு முன் இயக்குநர் ஒரு நிபந்தனை வைப்பார்: ‘முதல்ல உன் கையில கட்டும்மா. நாலு நிமிஷந்தான். கேள்வியை நான் கேக்குறேன்.’ அவள் கட்டிக்கொள்கிறாளா என்பதை எழுதலாம், எழுதாமலும் விடலாம். கட்டிக்கொண்டால் முதல் இரண்டு கேள்வியும் பெயர், கிழமை போன்ற சாதாரணக் கேள்விகளாக இருக்கட்டும். மாதத்தை அவர் மூன்றாவதாகக் கேட்பார்.