ஜோர்தான் ஏழு நாள் பயணம்: வழிகாட்டிக்கு முழுப் புள்ளி, நேர அட்டவணைக்கு இல்லை

நீர்ப்பாசனத் திணைக்களத்தில் முப்பத்தொரு வருடம் தொழில்நுட்ப உத்தியோகத்தராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். கந்தளாய், அல்லை, முதலிக்குளம் என்று குளக்கட்டிலும் வாய்க்கால் ஓரத்திலும் என் காலம் போனது. புதிய ஊருக்குப் போனால் என் கண் முதலில் தண்ணீரைத்தான் தேடும். ஜோர்தானிலிருந்து திரும்பிய நாளிலிருந்து தெரிந்தவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்: போகலாமா, கொடுக்கும் காசுக்குத் தகுமா? போகலாம். ஆனால் காசு கட்டுவதற்கு முன் ஒரு விடயத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அது என்னவென்று, பாறையைக் குடைந்து உண்டாக்கிய பழைய நகரமான பெத்ராவுக்கு வரும்போது சொல்கிறேன்.

கொழும்பிலுள்ள ஒரு பயண முகவர் நிலையம் ஒழுங்கு செய்த பயணம் இது. விமானச் சீட்டு, விசா, தங்குமிடம், நுழைவுச்சீட்டுகள், காலை உணவு, இரவு உணவு எல்லாம் சேர்த்து ஒருவருக்கு ஐந்தரை இலட்சம் ரூபா. பதினெட்டுப் பேர் போனோம். திருகோணமலையிலிருந்து நானும் மனைவியும். கிண்ணியாவிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் அவர் குடும்பத்தில் மூவரும். மிகுதிப் பேர் மட்டக்களப்பு, கொழும்பு. விளக்கீட்டுக்கு முந்திய வாரம் புறப்பட்டோம். பகலில் இதமான வெயில், இரவில் எலும்பைத் தொடும் குளிர். கம்பளிச் சட்டை இல்லாமல் யாரும் போக வேண்டாம்.

எங்களுக்குக் கிடைத்த வழிகாட்டி அந்நாட்டுக்காரர், சால்ட் நகரத்தவர், வயது ஐம்பதுக்கு மேல். ஆங்கிலத்தில் பேசுவார், கிண்ணியா மாஸ்டர் அதைத் தமிழில் மற்றவர்களுக்குச் சொல்வார். மாஸ்டருக்கு அரபும் தெரியும் என்பதால் சுவரிலும் பலகையிலும் இருந்ததையெல்லாம் வாசித்துக் காட்டினார். இந்த இருவரும் இல்லாவிட்டால் எங்களுக்கு அது வெறும் கல் பார்த்த பயணமாகப் போயிருக்கும்.

தலைநகரின் பெயர் அம்மான். எங்கள் பக்கத்தில் தாய்மாமனை அழைக்கும் சொல். மனைவி அந்தப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் இறந்துபோன தன் மாமனைக் கூப்பிடுவது போலவே சொன்னாள். முதல் நாள் காலையில் ஹோட்டல் ஜன்னலைத் திறந்தேன். மலைச்சரிவு முழுவதும் வெண்சுண்ணாம்புக் கல் வீடுகள். ஒவ்வொரு மொட்டைமாடியிலும் இரண்டு, மூன்று, நான்கு தண்ணீர்த் தாங்கிகள். பஸ்ஸில் ஏறியதும் வழிகாட்டியிடம் அதைத்தான் முதலில் கேட்டேன். நகரக் குழாயில் பெரும்பாலும் வாரத்துக்கு ஒரு தடவைதான் தண்ணீர் வரும், அன்று தாங்கியை நிரப்பிக்கொண்டு அடுத்த முறை வரும்வரை அதைக் கொண்டே சமாளிக்க வேண்டும் என்றார். தண்ணீர் வரும் நாள்தான் துணி துவைக்கும் நாளாம். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "நீங்கள் என்ன வேலை செய்தீர்கள்?" என்று கேட்டார். சொன்னேன். அன்றிலிருந்து அவர் எங்களுக்குக் காட்டிய ஜோர்தான் வேறாக இருந்தது.

ஜபல் அல்-கலா என்ற கோட்டைமேட்டில் மற்றக் குழுக்கள் ஹெர்குலிஸ் கோயில் தூண்களுக்கு முன்னால் படம் பிடித்துவிட்டுப் போகின்றன. 2ஆம் நூற்றாண்டில், ரோமப் பேரரசர் மார்க்கஸ் ஒரேலியஸ் காலத்தில் எழுந்த கோயில் அது. பக்கத்தில் ஒரு பளிங்குக் கையின் விரல்கள் தரையில் கிடக்கின்றன. சிலை முழுதாக நின்றபோது 12 மீற்றருக்கு மேல் இருந்திருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். நாங்களும் பார்த்தோம். ஆனால் வழிகாட்டி எங்களை அங்கே நிறுத்தி வைக்காமல், உமையாக்கள் என்ற பழைய முஸ்லிம் அரச வம்சத்தாரின் அரண்மனைக்குப் பக்கத்திலிருந்த வட்டமான பெரிய குழிக்கு அழைத்துப் போனார். மழைநீர் சேர்த்து வைத்த நிலத்தொட்டி. சுவரை ஒட்டிப் படிகள் இறங்குகின்றன. அடியில், நடுவில், ஒரு தூணின் மிச்சம். "எதற்கு என்று சொல்லுங்கள்" என்றார் என்னிடம். பார்த்தவுடன் விளங்கியது: நீர்மட்டம் பார்க்கும் அளவுகோல். மதகடியில் நாங்கள் நடும் அதே கோல், அங்கே 8ஆம் நூற்றாண்டில் கல்லில். நான் சொன்னதும் அவர் என் தோளைத் தட்டினார். 749இல் வந்த நிலநடுக்கம் அந்த அரண்மனையைச் சரித்துவிட்டது. தொட்டி மட்டும் அங்கேயே கிடக்கிறது.

கீழே இறங்கினால் ரோமர் அரங்கு, ஆறாயிரம் பேர் உட்காரலாம். அதற்கு அருகே கடைகள் நெருக்கியடிக்கும் ஒரு தெருவின் பெயர் சக்ஃப் அல்-சைல். மாஸ்டர் உடனே பொருள் சொன்னார்: ஓடையின் கூரை. அம்மானின் ஓடையை மூடி அதன் மேல் தெருப் போட்டிருக்கிறார்கள். ஜோர்தான் அருங்காட்சியகம் இருக்கும் பகுதியின் பெயர் ராஸ் அல்-ஐன், ஊற்றின் தலை. அங்கே வைத்திருக்கும் சுண்ணச் சாந்துச் சிலைகள் 1983இல் ஐன் கஸால் என்ற இடத்தில் முதலில் கிடைத்தவை, வயது எட்டாயிரத்துக்கு மேல்; அந்த இடப்பெயருக்குப் பொருள் மான் ஊற்று. கண்ணைச் சுற்றிக் கருங்கோடு இட்ட அந்த முகங்களை விட்டு வர எனக்கு மனமில்லை. தண்ணீர் மறைந்த பிறகும் பெயர்கள் தண்ணீரையே சொல்லிக்கொண்டிருக்கும் ஊர் அது. அருங்காட்சியகத்துக்கு அட்டவணையில் கொடுத்தது ஐம்பது நிமிடம். போதவே போதாது.

ரோமர் காலத்து நகரத்தின் இடிபாடுகள் இருக்கும் ஜெராஷ் அம்மானிலிருந்து வடக்கே ஏறத்தாழ 50 கிலோமீற்றர். 129–130இல் ஹேட்ரியன் பேரரசர் வந்ததற்கு எழுப்பிய வளைவைத் தாண்டி உள்ளே போனால் நீள்வட்ட முற்றம். அதிலிருந்து தூண்கள் அணிவகுத்த கல் வீதி. சப்பாத்துக்குக் கீழே வண்டிச் சில்லின் தடம் கல்லில் பள்ளமாக ஓடுகிறது. வீதிக்கு அடியில் கழிவுநீர்க் கால்வாய். இடையிடையே அதன் மூடிகள் இன்னும் இருக்கின்றன. ஆர்ட்டமிஸ் கோயிலின் தூண் ஒன்றின் அடிப் பொருத்தில் வழிகாட்டி ஒரு தேக்கரண்டியின் காம்பைச் செருகினார். எங்களை ஒரு நிமிடம் பேசாமல் இருக்கச் சொன்னார். காற்று வந்தபோது கரண்டியின் முனை மெல்ல இறங்கி மெல்ல ஏறியது. அந்தப் பெரிய கல்தூண் மூச்சு விடுவது போல அசைகிறது. விறைத்து நிற்காமல் இப்படி இடம் கொடுப்பதால்தான் நிலநடுக்கத்தில் தப்பியது என்று விளக்கினார். மனைவி கரண்டியில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு உடனே கையை எடுத்துக்கொண்டாள். கோணேசர் மலையில் பிறந்து வளர்ந்தவள் அவள். 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இடித்த கோயிலின் கல் கோட்டையிலும் கடலிலும் கிடப்பதைச் சிறு வயதிலிருந்தே கேட்டவள். "நின்ற இடத்திலேயே நிற்கிற தூணைப் பார்க்கக் கிடைத்தது" என்றாள்.

அதே கோயில் வளவில், 6ஆம் நூற்றாண்டில் தண்ணீர்ச் சக்கரத்தால் ஓடிய கல் அறுக்கும் வாள் பொறி இருந்த இடத்தையும் காட்டினார். பாதி அறுத்த தூண் துண்டில் வாள் ஓடிய கோடுகள் தெரிகின்றன. பெரும்பாலான குழுக்கள் அதைக் கவனிக்காமலே கடந்து போனதைக் கண்ணால் கண்டேன்.

இனிப் பெத்ரா. அம்மானிலிருந்து பாலைவன நெடுஞ்சாலையில் மூன்று மணித்தியாலத்துக்கு மேல். காலை ஆறரைக்குப் புறப்பட்ட நாங்கள் பத்து மணிக்குள் வாயிலில் நின்றிருக்க வேண்டும். வழியில் ஒரு கடையில் பஸ்ஸை நிறுத்தினார்கள். சாக்கடல் சேற்றுச் சவர்க்காரமும் கண்ணாடிப் புட்டியில் நிறமணலும் விற்கும் கடை. தேநீர் இலவசம், ஆனால் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போனது. உள்ளே நுழையும்போது பதினொன்றரை. குளிர்காலத்தில் மாலை நான்கு மணிக்கு மூடிவிடுகிறார்கள்.

வாயிலிலிருந்து நடந்து சிக் என்ற மலைப்பிளவுக்கு வந்தோம். அதன் வாசலில் ஓர் அணை. மழைவெள்ளம் பிளவுக்குள் பாயாமல் மறித்து, மலையைக் குடைந்த 88 மீற்றர் வழியாக வேறு பள்ளத்தாக்குக்குத் திருப்பிவிடும் வேலை. பெத்ராவை உருவாக்கிய நபத்தேயர்கள் என்ற அரபு மக்கள் இரண்டாயிரம் வருடத்துக்கு முன் செய்தது. காலப்போக்கில் அணை அழிந்து போயிருக்கிறது. 1963 ஏப்ரலில் திடீர் வெள்ளம் பிளவுக்குள் புகுந்து, சுற்றிப் பார்க்க வந்த இருபதுக்கு மேற்பட்டவர்களைக் கொண்டு போனது. அதன் பிறகுதான் பழைய இடத்திலேயே புதிய அணை கட்டினார்கள். வழிகாட்டி இதைச் சொல்லிவிட்டு, "உங்கள் பக்கம் இப்படி நடந்ததுண்டா?" என்று கேட்டார்.

1986 ஏப்ரல் என்றேன். கந்தளாய்க் குளக்கட்டு அதிகாலையில் உடைந்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் போனார்கள். எனக்கு வேலையில் இரண்டாவது வருடம். சில மாதம் கழித்து மட்டம் எடுக்கப் போனபோதும் மரக் கொப்புகளில் துணி தொங்கிக்கொண்டிருந்தது. மாஸ்டர் இதை அவருக்கு அரபில் ஒருமுறை சொன்னார். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் பேசாமல் நின்றார்.

சிக் 1.2 கிலோமீற்றர். இரண்டு பக்கச் சுவரிலும் தண்ணீர் ஓடிய வழி இருக்கிறது. ஒரு பக்கம் பாறையில் வெட்டிய வாய்க்கால். மறுபக்கம் சுட்டமண் குழாய் பதித்த வரி. ஓரிடத்தில் வழிகாட்டி கைபேசி வெளிச்சத்தை அடித்துக் காட்டினார். என் முழங்கை நீளம் வரும் குழாய்த் துண்டுகள். ஒன்றின் ஒடுங்கிய வாய் அடுத்ததன் அகன்ற வாய்க்குள் போய்ப் பொருந்துகிறது. மூட்டைச் சுற்றிச் சாந்து. நாங்கள் பிளாஸ்டிக் குழாய் பொருத்துவதும் இதே முறையில்தான். வெட்டிய வாய்க்காலில் இடைக்கிடை வண்டல் தங்கும் தொட்டி. சாய்வு மிக மெல்லியது, கண்ணுக்குப் பிடிபடாது; ஆனால் அந்த நீளத்துக்கும் குலையாமல் பிடித்திருக்கிறார்கள். மட்டக் கருவியும் உதவியாளர் இருவரும் இருந்தும் ஒரு வாய்க்காலுக்குச் சாய்வு பிடிக்க நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். அந்தச் சுவரில் கை வைத்துக்கொண்டு நின்றேன். கண் கலங்கிவிட்டது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பிளவின் முடிவில் கருவூலம் எனப்படும் கஸ்னா. ஏறக்குறைய 40 மீற்றர் உயரத்துக்கு மணற்கல்லில் செதுக்கிய முகப்பு. உச்சியிலுள்ள கலசத்தில் பொன் இருக்கும் என்று நம்பிச் சுட்ட துப்பாக்கித் தழும்புகளும் தெரிகின்றன. படங்களில் பார்த்தது போலவே இருக்கிறது, படங்களைவிடச் சிவப்பாக. அங்கே கூட்டம் அதிகம்.

இங்கேதான் என் மனக்குறை. கஸ்னாவுக்கு அப்பால் பாறையில் குடைந்த அரங்கு, அரசர் கல்லறைகள், தூண் வீதி, அதற்கும் மேலே எண்ணூறுக்கு மேற்பட்ட படி ஏறினால் மடாலயம். எங்களுக்குக் கிடைத்தது மொத்தம் நான்கு மணித்தியாலம். முழங்கால் வலிக்காரியான மனைவி கஸ்னாவிலிருந்தே மின்வண்டியில் திரும்பிவிட்டாள். "நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், நான் வாசலில் இருக்கிறேன்" என்றாள். நான் தூண் வீதி வரை ஓட்டமும் நடையுமாகப் போய் வந்தேன். மடாலயம் இல்லை. அன்றிரவு தங்கியதோ வாயிலுக்குப் பக்கத்து ஊரான வாதி மூசாவில்! பெத்ராவுக்கு ஒரு நாள் சீட்டு 50 தினார். இரண்டு நாள் சீட்டு 55. ஒரு தினார் ஏறக்குறைய 1.41 அமெரிக்க டொலர். ஐந்து தினார் கூடக் கொடுத்திருந்தால் மறுநாள் விடியற்காலை ஆறு மணிக்கே உள்ளே போயிருக்கலாம். அந்த ஐந்து தினாரையும் நானே தருகிறேன் என்று முகவர் நிலையத்திலிருந்து கூட வந்த இளைஞரிடம் சொன்னேன். "ஏழரைக்கு பஸ் புறப்பட்டாக வேண்டும் ஐயா, எனக்கு அனுமதி இல்லை" என்றார். அவரில் பிழை இல்லை. அட்டவணை போட்டவர்களிடம்தான் பிழை. இவ்வளவு தூரம் ஒருவனைக் கூட்டிப்போய், சவர்க்காரக் கடைக்கு ஒரு மணித்தியாலமும் பெத்ராவுக்கு நான்கும் கொடுப்பது அநியாயம்.

ஆகவே எழுத்தில் வாங்க வேண்டியது இதுதான்: பெத்ராவுக்கு இரண்டு நாள் சீட்டு, போகும் வழியில் கடை நிறுத்தம் இல்லை.

மிகுதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வாதி ரம் பாலைவனம் அழகு. ஜீப்பில் இரண்டு மணித்தியாலம் போதும். அதன் அருகே டிஸி என்ற இடத்தில் நிலத்துக்கு ஆழத்திலுள்ள பழைய நீரை எடுத்து, 2013இலிருந்து 300 கிலோமீற்றருக்கு மேல் குழாயில் அம்மானுக்கு அனுப்புகிறார்கள். மழை பெய்து மீண்டும் நிரம்பாத நீர். சாக்கடல் கடல்மட்டத்துக்கு 400 மீற்றருக்கும் கீழே; வருடத்துக்கு ஏறத்தாழ ஒரு மீற்றர் இறங்கிக்கொண்டிருக்கிறது. மனைவி முழங்கால் வரை இறங்கி நின்று, சுகமாக இருக்கிறது என்றாள். மரக்கறி உணவுக்காரர்களுக்குக் கஷ்டமில்லை: கடலைமா வடை போன்ற ஃபலாஃபெல், ஹுமூஸ், சுட்ட கத்தரிக்காய் மசியல், சூடான ரொட்டி எங்கும் கிடைக்கிறது. வாதி மூசா ஹோட்டலில் வெந்நீர் வரவில்லை. சொன்னதும் அறை மாற்றித் தந்தார்கள். வழிகாட்டிக்கும் சாரதிக்கும் அன்பளிப்புப் பணம் தனி, அதை முன்கூட்டியே சொன்னார்கள். நாங்கள் கேட்டதற்கு மேலேயே கொடுத்தோம்.

மாசியில் புறப்படும் குழுவில் என் மைத்துனர் போகிறார். இரண்டு நாள் சீட்டை அவர் எழுத்தில் வாங்கிவிட்டார். அதே வழிகாட்டியை அனுப்பும்படியும் கேட்டிருக்கிறார். மலையைக் குடைந்த அந்த 88 மீற்றரின் மறுவாயை எனக்குப் பார்க்கக் கிடைக்கவில்லை; அதை மூன்று பக்கத்திலிருந்தும் படம் எடுத்து வரச் சொல்லி, எங்கே நின்று எடுக்க வேண்டும் என்று ஒரு தாளில் வரைந்து கொடுத்திருக்கிறேன்.