துத்தநாகமும் சீசியமும்: ஒளிமின் விளைவில் இரு உலோகங்கள்

ஒளி பட்டதும் உலோகம் எலக்ட்ரான்களை உமிழ்வதே ஒளிமின் விளைவு. ஓர் எலக்ட்ரானைப் பரப்பிலிருந்து விடுவிக்கத் துத்தநாகம் கேட்கும் குறைந்தபட்ச விலை, அதாவது அதன் வெளியேற்று ஆற்றல், ஏறத்தாழ 4.3 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு); சீசியமோ அதில் பாதியளவான 2.1 எலக்ட்ரான் வோல்ட்டுடன் நின்றுவிடுகிறது. 500 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளியின் ஒவ்வொரு ஃபோட்டானும், அதாவது ஒளித்துகளும், சுமார் 2.5 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலைச் சுமந்து வருவதால், சீசியம் உடனே எலக்ட்ரான்களை உமிழ, அவற்றுள் மிக விரைவானவை எஞ்சிய 0.4 எலக்ட்ரான் வோல்ட்டை இயக்க ஆற்றலாகக் கொண்டு செல்கின்றன. சாதாரண விளக்கின் பச்சை ஒளியை எத்தனை மடங்கு செறிவாக்கினாலும் துத்தநாகம் அசைவதில்லை. ஓர் எலக்ட்ரான் ஒரே ஃபோட்டானின் ஆற்றலை முழுதாகப் பெறுகிறதேயன்றிப் பலவற்றினுடையதைச் சிறுகச் சிறுகச் சேர்த்துக்கொள்வதில்லை என்பதே காரணம்.

250 நானோமீட்டர் புற ஊதாக் கதிரில் இரண்டும் உமிழ்கின்றன; துத்தநாகத்தில் 0.7, சீசியத்தில் 2.9 எலக்ட்ரான் வோல்ட் வரை எஞ்சுகிறது.

செயல்விளக்கத்திற்கு என் தேர்வு துத்தநாகமே. 1888-இல் இவ்விளைவை ஆராய்ந்த ஜெர்மன் இயற்பியலாளர் ஹால்வாக்ஸ் பயன்படுத்தியதும் அதுதான். தேய்த்துத் துலக்கிய தகட்டைக் காற்றிலேயே வைத்துச் சோதிக்கலாம். ஈரம் பட்டால் வெடித்தெரியும் சீசியத்தை வெற்றிடக் குழாய்க்குள் அடைத்தே வைக்க வேண்டும். ஆயினும் கட்புலனாகும் ஒளியை உணரும் ஒளிமின்கலத்திற்குத் துத்தநாகம் உதவாது.