எச்.டி.எம்.-4: வீதிக்குக் கணக்குச் சொல்லும் மென்பொருள்

திருகோணமலையிலிருந்து நிலாவெளி ஊடாகக் குச்சவெளிக்குச் செல்லும் வீதியில் 10 கிலோமீற்றர் துண்டொன்றைப் பயிற்சிக்காக எடுத்துக்கொண்டு, எச்.டி.எம்.-4 (நெடுஞ்சாலை மேம்பாடும் முகாமைத்துவமும், Highway Development and Management) என்ற மென்பொருளைச் சில மாதங்கள் பயன்படுத்திப் பார்த்தேன். உலக வங்கியின் பழைய எச்.டி.எம்.-3 மாதிரியிலிருந்து வளர்ந்து 2000ஆம் ஆண்டில் வெளிவந்த இது, ஒரு வீதியை அமைப்பதற்கும் பராமரிப்பதற்கும் ஆகும் செலவையும் அவ்வீதியில் வாகனம் ஓட்டுவோர் சுமக்கும் செலவையும் ஒன்றாக வைத்துப் பல ஆண்டுகளுக்குக் கணிக்கிறது.

அப்படி ஒன்றாக வைப்பதே இதன் பெரும் பலம். புதிதாகக் காபட் இட்ட வீதியின் கரடுமுரடுச் சுட்டெண் (ஓடும் வாகனம் மேலும் கீழும் ஆடும் மொத்த அளவு) கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 2 மீற்றராக இருக்கும். அது ஏற ஏற, டயர், எரிபொருள், பயண நேரம் என்று மக்கள் கையிலிருந்து போகும் பணமும் ஏறுகிறது. இப்போதே மேற்படை இடுவதா, சில ஆண்டுகள் பொறுத்து அடியோடு திருத்துவதா என்ற கேள்விக்கு இம்மென்பொருள் தேறிய நிகழ்காலப் பெறுமதியில் (வருங்கால நன்மையையும் செலவையும் இன்றைய பணத்துக்கு மாற்றிக் கழித்த மிச்சத்தில்) விடை தருகிறது. சீனக்குடாவிலிருந்து சீமெந்தும் கோதுமை மாவும் ஏற்றிக் கந்தளாய்ப் பக்கம் போகும் லொறிகளைப் பார்த்துப் பழகிய நமக்கு, அச்சுப் பாரம் (லொறியின் ஒரு சக்கர அச்சு வீதியில் ஏற்றும் பாரம்) இரட்டித்தால் வீதிக்கு நேரும் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகும் என்ற விதியை நம் ஊர்க் கணக்கிலேயே காண்பது பெரிய பாடம்.

ஆனால் இதன் அடிப்படை ஆய்வுகள் கென்யா, கரிபியன், பிரேசில், இந்தியா ஆகிய இடங்களில் நடந்தவை. ஆகவே உள்ளூர் நிலைக்கு ஏற்ப எண்களைத் திருத்தாமல் ஓட்டக்கூடாது. நான் முதலில் அந்தத் தவறைச் செய்தேன். வடகீழ்ப் பருவமழையில் நீர் தேங்கும் பகுதிக்குரிய வடிகால் பெறுமதியைத் திருத்திய பின்னரே, வீதியில் வெடிப்பு விழத் தொடங்கும் காலம் நான் கண்ணால் கண்டதற்கு நெருங்கி வந்தது. அலகு விலைகளையும் நாமே கொடுக்க வேண்டும். 2022இல் ஒரு டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்கு ஏறியபோது, இறக்குமதித் தாரை நம்பிய மதிப்பீடுகள் சில வாரங்களிலேயே பழசாகிப்போனதை மறக்க முடியாது.

எனது முக்கியமான குறை பாலங்களைப் பற்றியது. வீதியின் மேற்பரப்பு எப்படித் தேயும் என்று இவ்வளவு நுணுக்கமாகச் சொல்லும் மென்பொருளில், பாலமும் மதகும் எப்படித் தேயும் என்பதற்கு மாதிரி இல்லை. 2009இல் திறக்கப்பட்ட 396 மீற்றர் கிண்ணியாப் பாலமும், அதற்கப்பால் உப்பாறு, கங்கை, இறால்குழிப் பாலங்களும் இல்லாமல் திருகோணமலை–மட்டக்களப்பு வீதியே இல்லை. உப்புக் காற்றில் நிற்கும் இந்தச் சொத்துகளுக்குத் தனிப் பரிசோதனைப் பதிவேடு வைத்துத்தான் ஆக வேண்டும்.

இம்மென்பொருளில் வெளிச் செலவுகளை, அதாவது அது தானாகக் கணிக்காத செலவுகளை, கையால் இடுவதற்கு ஓர் இடம் உண்டு. பலர் அதை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். 2021 நவம்பர் 23 அன்று கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில் இழுவைப் படகு கவிழ்ந்து, பள்ளிக்குப் போன பிள்ளைகள் உட்படப் பலர் இறந்தார்கள். நான் எந்தப் பால வேலையைக் கணக்கிடும்போதும், வேலை முடியும் வரை மக்கள் பத்திரமாகக் கடப்பதற்கான மாற்று வழியின் செலவையே அந்த இடத்தில் முதலில் எழுதுகிறேன்.