கேசீனா, அக்ரிலிக்கா: கடலோர வீட்டுச் சுவர் சொன்ன தீர்ப்பு

திருவான்மியூரில் கடலுக்கு நான்கு தெரு தள்ளி எங்கள் வீடு. கூடத்துச் சுவரில் நான் வரைந்த இரண்டு படங்கள் அருகருகே தொங்குகின்றன. ஒன்று கேன்வாஸில் அக்ரிலிக். மற்றொன்று ப்ளைவுட்டில் கேசீன், அதாவது பால் வண்ணம். இரண்டையும் ஆறு வருடம் பராமரித்த பிறகு நான் கேசீன் பக்கம் வந்துவிட்டேன்.

அக்ரிலிக்கின் வசதி எல்லோருக்கும் தெரிந்ததே: ட்யூபில் கிடைக்கிறது, சீக்கிரம் உலர்கிறது, துணியோடு வளைந்து கொடுக்கிறது. கேசீனுக்கு ஆடை நீக்கிய பாலைத் திரித்து, பிரியும் புரதத்தை அலசி, வெண்காரத்திலோ சுண்ணாம்பிலோ கரைக்க வேண்டும். சுண்ணாம்பில் கரைத்தால் காய்ந்தபின் தண்ணீரை நன்றாகத் தாங்கும். ஆனால் பிரஷ்யன் நீலம் என்ற அடர்நீல நிறமியைச் சுண்ணாம்பின் காரத்தன்மை கெடுத்துவிடும். கலவையை அன்றன்றைக்கே தீர்த்துவிடுவது நல்லது, நம் வெயிலில் சீக்கிரம் நாறிவிடும்.

என் முடிவுக்குக் காரணம் தூசு. அக்ரிலிக் படலம் சாதாரண அறை வெப்பத்திலேயே மென்மையாக இருக்கும்; சென்னையின் மே மாதத்தில் கேட்கவே வேண்டாம். விழுகிற தூசு மேலே நிற்காமல் உள்ளே பதிந்துவிடுகிறது. என் படத்தின் வெள்ளை வானம் இப்போது சாம்பல் பூத்திருக்கிறது. தூரிகைக்கு அது அசையவில்லை. ஈரப்பஞ்சால் ஒற்றியபோது அழுக்கோடு கொஞ்சம் நிறமும் வந்தது. பரணில் முகத்தோடு முகம் வைத்திருந்த இரண்டு அக்ரிலிக் படங்களைப் பிரித்தபோது ஒன்றின் தோல் மற்றதோடு போய்விட்டது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

கேசீன் காய்ந்து இறுகிவிடும். மென்மையான ஆட்டுமுடித் தூரிகையால் இரண்டு இழுப்பு, தூசு போய்விடும்.

கேசீனுக்கு எதிரி ஈரம். புரதம் பூஞ்சைக்கு உணவு; காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் பூஞ்சைக்கு வழி திறந்துவிடும். ஐப்பசி மழையில் ஒருமுறை படத்தின் கீழ்மூலையில் உப்புப் பூத்ததுபோல் வெண்புள்ளிகள். படத்தை இறக்கி, நிழலில் மின்விசிறிக்கடியில் நன்றாக உலரவிட்டு, முகக்கவசத்தோடு மொட்டைமாடியில் துலக்கினேன். தண்ணீர் தொடவே இல்லை. இப்போது சட்டத்தின் பின்னால் மரத்துண்டுகள் ஒட்டி, சுவருக்கும் படத்துக்கும் அரை அங்குலம் இடைவெளி விட்டிருக்கிறேன். அதன் பிறகு புள்ளி வரவில்லை. வார்னிஷும் பூசவில்லை, பூசினால் நிறம் கறுத்து, அந்த மங்கலான மென்மை போய்விடும்.

என்னிடம் இருக்கும் கேசீன் படங்களில் இதுவே மூத்தது. ஆறு வருடத்துக்கு மேல் என் அனுபவம் நீளாது. கேன்வாஸில் ஒரே ஒருமுறை முயன்றேன், சுருட்டியதும் வெடித்தது. ஆகவே சுருட்டி அனுப்ப வேண்டிய பெரிய படம் என்றால் இன்றும் அக்ரிலிக்கைத்தான் எடுக்கிறேன்.